பி.இ. லைசன்ஸ் கைக்கு வந்தாச்சு, அதை வைத்து என்ன செய்யலாம்?

அமெரிக்காவில் பி.இ. பரீட்சை பாஸ் பண்ணி, மாநில போர்டிலிருந்து நம்பர் வந்து, வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாச்சு. (காலேஜில் வாங்கிய பி.இ. பட்டத்தைச் சொல்லவில்லை, இது புரொஃபஷனல் இன்ஜினியர் என்று மாநில அரசு கொடுக்கும் தொழில் உரிமம்.) அதற்கப்புறம் பெரும்பாலானவர்கள் செய்வது, இமெயிலில் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்துவிட்டு, பழைய வேலையைப் பழைய மாதிரியே பார்த்துக்கொண்டிருப்பதுதான். முதலில் எஃப்.இ. என்ற அடிப்படைப் பரீட்சை, பிறகு நாலு வருஷ அனுபவம், அப்புறம் எட்டு மணி நேரம் உட்கார வைக்கும் 80 கேள்விப் பரீட்சை, அதற்காகக் குடும்பத்தோடு இருக்க வேண்டிய சனி ஞாயிறுகளை எல்லாம் கொடுத்துப் படித்த படிப்பு. இவ்வளவையும் போட்டுவிட்டு வருஷா வருஷம் புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கும் நம்ம ஆட்களைப் பார்த்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லைசன்ஸ் உங்களுக்குக் கொடுப்பது ஒரே ஒரு உரிமை: "இந்த டிராயிங்குக்கு, இந்தக் கணக்குக்கு நான் பொறுப்பு" என்று சட்டப்படி முத்திரை வைத்துக் கையெழுத்துப் போடும் உரிமை. சம்பள உயர்வு, பதவி, சொந்தத் தொழில் எல்லாம் அந்தக் கையெழுத்து யாருக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் வரும். கையெழுத்து தேவைப்படாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு லைசன்ஸுக்கு மதிப்பில்லை என்று புலம்புவதில் பயனில்லை, தேவைப்படும் இடத்துக்கு நகர வேண்டும்.

அந்த இடம் எது என்பதற்கு இந்தச் சட்டம் பிறந்த கதையே பதில் சொல்லும். அமெரிக்காவில் முதன்முதலாக இன்ஜினியர்களுக்கு லைசன்ஸ் சட்டம் கொண்டுவந்தது வயோமிங், 1907ல். தண்ணீர் உரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கொடுத்த வரைபடங்களில் வக்கீல்கள், நோட்டரிகள் என்று யார் யாரோ இன்ஜினியர் என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள், அதை நிறுத்தத்தான் அந்தச் சட்டம். டெக்சாஸுக்கு வந்த விதம் இன்னும் கொடுமை. 1937 மார்ச்சில் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் எரிவாயு கசிந்து தேங்கியிருக்கிறது, அந்த வாயுவுக்கு வாசனை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை, வெடித்ததில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருஷமே டெக்சாஸ் இன்ஜினியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது. பொதுமக்கள் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரக்கூடிய இடத்தில்தான் சட்டம் கையெழுத்து கேட்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

போர்டின் வலைத்தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். வாடிக்கையாளரும் நகராட்சி அதிகாரியும் பார்க்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான். நமக்கு இதில் தனித் தலைவலி உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும், டிகிரி சான்றிதழில் வெறும் இனிஷியல் இருக்கும், ஆபீஸில் கூப்பிடுவது மூன்றாவதாக ஒரு பெயர். லைசன்ஸில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் முத்திரையிலும் இருக்க வேண்டும், ஆகவே திருத்தம் ஏதாவது தேவை என்றால் முத்திரை செய்யச் சொல்வதற்கு முன்பே போர்டுக்கு எழுதிச் சரிசெய்துகொள்ளுங்கள். பின்னால் வேறு மாநிலத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்த மூன்று பெயர்களும் ஒரே ஆள்தானா என்று நிரூபித்துக்கொண்டிருப்பது பெரிய அலைச்சல்.

அடுத்தது என்.சி.இ.இ.எஸ். ரெக்கார்ட். பரீட்சை நடத்தும் அதே அமைப்புதான் இதையும் நடத்துகிறது: உங்கள் படிப்பு, பரீட்சை, வேலை அனுபவம், பரிந்துரைகள் எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்து வைத்துக்கொண்டு, நீங்கள் எந்த மாநிலத்துக்கு விண்ணப்பித்தாலும் அங்கே அனுப்பிவிடுவார்கள். "இப்போதைக்கு ஒரு மாநிலம் போதும், தேவைப்படும்போது பார்த்துக்கலாம்" என்று நினைக்காதீர்கள். இன்றைக்கு உங்கள் முதல் மேனேஜர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், கேட்டால் ஒரு வாரத்தில் சரிபார்த்துக் கொடுத்துவிடுவார். பத்து வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்றிருப்பார், கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியிருக்கும், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கும். இந்தியாவில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் பட்டியலை நேராக அனுப்ப வைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகலாம், பட்ட மதிப்பீடும் தனியாகக் கேட்பார்கள். ஊருக்குப் போகும் சமயத்தில் அந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

அப்புறம் விசிட்டிங் கார்டு. எந்த மாநிலத்தில் லைசன்ஸ் இருக்கிறதோ அதையும் சேர்த்தே போடுங்கள், "பி.இ., டெக்சாஸ்" என்பது போல. லைசன்ஸ் இல்லாத மாநிலத்தில் பி.இ. என்று சொல்லிக்கொண்டு வேலை கேட்பதே பல இடங்களில் விதிமீறல். பட்டப்பெயர் விஷயத்தில் போர்டுகள் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்பதற்கு ஆரிகன் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். டிராஃபிக் சிக்னலில் மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஒருவர் தன் கடிதங்களில் தன்னை இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார், போர்டு 500 டாலர் அபராதம் போட்டது. கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னது 2018 கடைசியில்தான். அவ்வளவு தூரம் அலைய உங்களுக்கு எதற்கு?

சம்பளம் பேசுவது

"பி.இ. வாங்கிட்டேன், ஏதாவது பார்த்துப் போடுங்க" என்று கேட்டால், எச்.ஆர். வைத்திருக்கும் வழக்கமான தொகை ஒன்று கிடைக்கும். அதோடு பேச்சு முடிந்துவிடும். லைசன்ஸால் கம்பெனிக்கு எங்கே காசு வருகிறது என்று தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

கன்சல்டிங் கம்பெனி என்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பில்லிங் ரேட். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் பதவிவாரியாக மணிக்கு இவ்வளவு என்று அட்டவணை இருக்கும், லைசன்ஸ் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அதில் தனி வரி. நீங்கள் கீழ் வரியிலிருந்து மேல் வரிக்குப் போனால் உங்கள் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கம்பெனி கூடுதலாக வாங்குகிறது. அந்த வித்தியாசத்தை வருஷக் கணக்கில் பெருக்கி, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். உங்களை மேல் வரிக்கு மாற்றவே இல்லை என்றால் முதல் கோரிக்கை அதுதான், சம்பளம் அதற்கப்புறம்.

இரண்டாவது, டெண்டர். மத்திய அரசு வேலைகளுக்கு இன்ஜினியரிங் கம்பெனிகள் எஸ்.எஃப். 330 என்ற படிவத்தில் தகுதிகளைச் சமர்ப்பிக்க வேண்டும், அதில் முக்கிய ஆட்கள் ஒவ்வொருவருக்கும் எந்த மாநிலத்தில், எந்தத் துறையில் பதிவு இருக்கிறது என்று எழுதத் தனிக் கட்டமே உண்டு. உங்கள் கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆட்களிடம் போய், என் பெயரை எந்த டெண்டரில் சேர்த்திருக்கிறீர்கள், எந்த மாநிலத்தில் லைசன்ஸ் உள்ள ஆள் இல்லாமல் திணறுகிறீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்கிற இன்ஜினியர்கள் குறைவு. பதில் கிடைத்துவிட்டால், அடுத்து எந்த மாநிலத்தில் லைசன்ஸ் வாங்குவது, யார் செலவில் வாங்குவது என்ற இரண்டுக்கும் விடை அதிலேயே இருக்கும்.

அரசு வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. நகராட்சி இன்ஜினியர், கவுன்டி இன்ஜினியர், நெடுஞ்சாலைத் துறையில் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ள பதவிகள், இவற்றில் பலவற்றுக்கு லைசன்ஸ் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. சம்பளம் தனியாரைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் மேலே போகும் பாதை எழுத்தில் இருக்கும், எந்தப் படிக்கு என்ன தகுதி என்று முன்கூட்டியே தெரியும். மத்திய அரசில் இன்னொரு வசதி உண்டு. இன்ஜினியர் பதவிக்கான அடிப்படைக் கல்வித் தகுதியை, முறையாகப் பெற்ற பி.இ. லைசன்ஸைக் காட்டியே நிறைவு செய்யும் வழி விதிகளில் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டத்தோடு போராடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது, குடியுரிமை நிபந்தனை தனி.

கையெழுத்துக்குக் காத்திருக்கும் வேலைகள்

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் முக்கியம். ஒவ்வொரு விபத்துக்கும் பின்னால் ஒரு சட்டம் வருகிறது, அந்தச் சட்டம் லைசன்ஸ் உள்ள ஆள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது, அந்த வேலையைச் செய்ய ஆள் போதுவதில்லை.

நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ல் கட்டிடத்திலிருந்து பெயர்ந்து விழுந்த துண்டு பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்துபோனார். 1980ல் சட்டம் வந்தது. இன்றைக்கு அங்கே ஆறு மாடிக்கு மேல் உள்ள ஒவ்வொரு கட்டிடத்தின் வெளிச்சுவரையும் 5 வருஷத்துக்கு ஒரு முறை, தகுதி பெற்ற இன்ஜினியரோ ஆர்க்கிடெக்டோ பரிசோதித்து அறிக்கை கொடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2015ல் பெர்க்லியில் ஒரு பால்கனி ஒடிந்து விழுந்து 6 பேர் இறந்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கி மரம் மக்கிப்போயிருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்கப்புறம் வந்த சட்டங்களின்படி காண்டோ (சொந்தமாக வாங்கிய ஃபிளாட்) சங்கங்கள் 9 வருஷத்துக்கு ஒரு முறையும் வாடகை அபார்ட்மென்ட்கள் 6 வருஷத்துக்கு ஒரு முறையும் மரத்தில் கட்டிய பால்கனி, மாடிப்படி போன்றவற்றைப் பரிசோதிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 2021 ஜூனில் சர்ஃப்சைடு காண்டோ இடிந்து 98 பேர் இறந்தார்கள், அடுத்த வருஷமே மாநிலம் முழுவதும் 3 மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்கள் 30 வயதானதும் இன்ஜினியரோ ஆர்க்கிடெக்டோ செய்யும் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய காண்டோக்கள் அந்தக் கடற்கரை ஓரம் எவ்வளவு நிற்கின்றன என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலை எல்லோருக்கும் பிடிக்காது. புதுசாக ஒன்றைக் கட்டும் சந்தோஷம் இதில் கிடையாது. அடுத்தவர் கட்டியதில் விரிசலைத் தட்டிப் பார்த்து, துருப்பிடித்த கம்பியைப் படம் பிடித்து, சங்கக் கூட்டத்தில் நின்று இதற்கு இவ்வளவு செலவாகும் என்று கெட்ட செய்தி சொல்ல வேண்டும். ஆனால் பொருளாதாரம் படுத்தாலும் சட்டம் வைத்த கெடு நகராது. அதனால் இந்தத் துறைக்கு வேலை குறைவதில்லை.

சிவில் ஆட்களுக்கு மட்டும்தான் இது என்று மெக்கானிக்கலும் கெமிக்கலும் முகத்தைத் திருப்ப வேண்டாம். நிலத்துக்கு மேல் 1,320 கேலனுக்கு அதிகமாக எண்ணெய் சேமித்து வைக்கும், கசிந்தால் ஆற்றிலோ ஏரியிலோ கலக்க வாய்ப்புள்ள எந்த இடத்துக்கும், கசிவைத் தடுக்கும் திட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்பது மத்திய சுற்றுச்சூழல் விதி, எஸ்.பி.சி.சி. என்பார்கள். சேமிப்பு 10,000 கேலனைத் தாண்டினால் அந்தத் திட்டத்துக்கு பி.இ. சான்று கட்டாயம், 5 வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்கவும் வேண்டும். லாரி டிப்போ, விமான நிலையம், பெரிய ஆஸ்பத்திரிகளின் ஜெனரேட்டர் டாங்க் எல்லாம் இதில் வரும். எலக்ட்ரிக்கலுக்கு சோலார், துணை மின்நிலையம். ஃபயர் புரொடெக்‌ஷனுக்குத் தனி பி.இ. பரீட்சையே இருக்கிறது, எழுதுகிறவர்கள் சிவிலோடு ஒப்பிட்டால் மிகவும் கொஞ்சம். ஆலங்கட்டி மழைக்கும் புயலுக்கும் அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சேதத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி அனுப்புவது பெரும்பாலும் லைசன்ஸ் உள்ளவர்களைத்தான், அந்த வழக்குகள் கோர்ட்டுக்குப் போனால் சாட்சி சொல்லவும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். தெளிவாக எழுதவும் கேள்வி கேட்டால் பதறாமல் பதில் சொல்லவும் தெரிந்தவர்களுக்கு இது நல்ல துறை.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மாநிலங்களில் தயாரிப்பு நிறுவனங்களின் சொந்த ஊழியர்களுக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று விலக்கு உண்டு. அதனால் கார் பாகம் வடிவமைக்கிறவருக்கு இன்றைக்கு லைசன்ஸால் சம்பளம் ஏறாமல் இருக்கலாம், இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த விலக்கு கம்பெனிக்குள் இருக்கும் வரைக்கும்தான். ஐம்பது வயதில் ஆட்குறைப்பு வந்து, அதே வேலையை வெளியில் கன்சல்டிங்காகச் செய்யலாம் என்று நினைக்கிற அன்றைக்கு லைசன்ஸ் தேவைப்படும். அந்த வயதில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கையில் இருப்பதைக் காலாவதியாக விடாதீர்கள்.

இன்னொரு மாநிலம் வேண்டுமா?

லைசன்ஸ் மாநிலத்தோடு முடிந்துவிடும், எல்லை தாண்டினால் அது வெறும் காகிதம். பரீட்சையை மறுபடி எழுத வேண்டியதில்லை, விண்ணப்பித்து அங்கேயும் வாங்கிக்கொள்ளலாம், என்.சி.இ.இ.எஸ். ரெக்கார்ட் உதவுவது இங்கேதான். ஆனால் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. கலிஃபோர்னியாவில் சிவில் என்றால் நிலநடுக்கத்துக்கும் சர்வேக்கும் தனித்தனிப் பரீட்சை உண்டு, வேறு மாநிலத்தில் இருபது வருஷம் லைசன்ஸ் வைத்திருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இலினாயிலும் ஹவாயிலும் கட்டிட ஸ்ட்ரக்சர் வேலைக்கு சாதாரண பி.இ. போதாது, எஸ்.இ. என்ற ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் லைசன்ஸ் தனியாக வேண்டும்.

கலெக்‌ஷன் சேர்ப்பது மாதிரி பத்து மாநிலம் வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் தனிப் புதுப்பிப்புத் தேதி, தொடர்கல்வி விதி. உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே கட்டுகிறார்களோ அங்கே வாங்குங்கள், கம்பெனி செலவில் வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம்: விண்ணப்பம் போய்க்கொண்டிருக்கிறது என்ற நிலையில் அந்த மாநிலத்தில் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள், பல இடங்களில் விலைப்புள்ளி கொடுப்பதே லைசன்ஸ் இல்லாமல் தொழில் செய்வதாகக் கணக்கு. ஒரு மாநிலத்தில் நடவடிக்கை வந்தால் மற்ற எல்லா மாநிலத்துக்கும் அதைச் சொல்லியாக வேண்டும்.

முத்திரையைக் காப்பாற்றுவது

லைசன்ஸ் வாங்கிக் கொஞ்ச நாளிலேயே உங்களுக்கு ஒரு போன் வரும். டிராயிங் எல்லாம் தயாராக இருக்கிறது சார், நீங்கள் பார்த்து முத்திரை மட்டும் வைத்தால் போதும், ஒரு செட்டுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். பேசுவது நமக்குத் தெரிந்தவராகக்கூட இருக்கலாம், அப்போது மறுப்பது இன்னும் சங்கடம். ஆனாலும் மறுத்தே ஆக வேண்டும். நீங்களே செய்ததாகவோ, ஆரம்பத்திலிருந்து உங்கள் நேரடிப் பொறுப்பிலும் மேற்பார்வையிலும் நடந்ததாகவோ இருந்தால்தான் முத்திரை வைக்கலாம். முடிந்துபோன டிராயிங்கின் மேல் முத்திரை குத்துவதற்கு லைசன்ஸையே பறிப்பார்கள். "வேண்டுமானால் கணக்கை முதலிலிருந்து நானே போடுகிறேன், அதற்கு இவ்வளவு ஆகும்" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் போனை வைத்துவிடுவார்கள்.

முத்திரையின் கனம் என்னவென்று தெரிய கேன்சஸ் சிட்டி ஹயட் ரீஜென்சி விபத்தை ஒவ்வொரு இன்ஜினியரும் ஒரு முறையாவது பென்சிலால் வரைந்து பார்க்க வேண்டும். ஹோட்டல் கூடத்தின் குறுக்கே நாலாவது மாடி அளவில் ஒரு நடைபாலம், அதற்கு நேர் கீழே இரண்டாவது மாடி அளவில் இன்னொன்று, இரண்டும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் டிராயிங்கில் கூரையிலிருந்து கீழ்ப் பாலம் வரை ஒரே நீளக் கம்பி, அது மேல் பாலத்தின் பீமைத் துளைத்துக்கொண்டு கீழே போகிறது. அப்படி என்றால் மேல் பீமுக்கு அடியில் இருக்கும் நட்டு மேல் பாலத்தின் எடையை மட்டும் தாங்கினால் போதும். அவ்வளவு நீளத்துக்கு மறை வெட்டுவது சிரமம் என்று கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு, இன்னொன்று மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு. பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இப்போது கீழ்ப் பாலம் மேல் பாலத்தின் பீமில் தொங்குகிறது, அந்த நட்டின் மேல் வரும் பாரம் இரண்டு மடங்கு. மாற்றிய ஷாப் டிராயிங்கில் (இரும்பு வேலை செய்யும் கம்பெனி போடும் விவர வரைபடம்) இன்ஜினியர் ஆபீஸின் முத்திரை இருந்தது, அந்த இணைப்புக்குக் கணக்கு யாரும் போடவில்லை. 1981 ஜூலை 17, கூடத்தில் நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது நட்டு பீமைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. 114 பேர் இறந்தார்கள். பொறுப்பு இன்ஜினியர்கள் மிசூரியில் லைசன்ஸை இழந்தார்கள்.

ஷாப் டிராயிங் கட்டுக்கட்டாக வந்து விழும் சாயங்காலங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்பு மாறியிருந்தால் பாரம் போகும் வழியும் மாறியிருக்கும், கணக்கை மறுபடி போடுங்கள். டிஜிட்டல் முத்திரைக் கோப்பை டிராஃப்டிங் ஆட்களிடம் கொடுத்து வைக்காதீர்கள், எவ்வளவு நம்பிக்கையான ஆளாக இருந்தாலும் சரி. இன்னும் முடிக்காத டிராயிங்கை அனுப்பினால் முதற்கட்டம், கட்டுமானத்துக்கு அல்ல என்று பெரிதாகப் போட்டு அனுப்புங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு என்றால் எந்தப் பகுதி என்று முத்திரைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கம்பெனியிடமும் உங்களிடமும் கேட்க வேண்டியவை

கம்பெனிக்காக முத்திரை வைக்கும் முன் ஒரு கேள்வி: தொழில் பொறுப்புக் காப்பீட்டில் நான் சேர்க்கப்பட்டிருக்கிறேனா, வேலையை விட்டுப் போன பிறகும் பழைய ப்ராஜெக்ட்களுக்கு அது இருக்குமா? இந்த வகைக் காப்பீடு பெரும்பாலும் வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம் கொடுக்கும், டிராயிங் போட்ட நாளில் இருந்தது என்பது போதாது. பதிலை இமெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சமே வேண்டாம், விவரம் தெரிந்த முதலாளி இந்தக் கேள்வியை மதிப்பார்.

பக்கத் தொழிலாகச் சின்னச் சின்ன வேலை செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டுச் சுவரை எடுத்து பீம் போடுவது, ரீடெய்னிங் வால் (மண் சரியாமல் தாங்கும் சுவர்), சோலார் போடுமுன் கூரைக்கு ஒரு கடிதம், இதெல்லாம் நல்ல வேலைதான். ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவர்கள் செய்யக்கூடாது, மனு போட்ட கம்பெனியைத் தவிர வேறு யாருக்கும் வேலை பார்க்க அந்த விசா அனுமதிக்காது, உங்கள் சொந்த எல்.எல்.சி. கம்பெனிக்கும் சேர்த்துத்தான். கிரீன் கார்டு இருப்பவர்களும் வேலை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, முதலாளியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு, மாநிலம் நிறுவனத்துக்குத் தனிப் பதிவு கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, காப்பீடும் எடுத்த பிறகுதான் தொடங்க வேண்டும். சொந்தக்காரர் வீடாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுதுங்கள், என்ன பார்த்தீர்கள், என்ன பார்க்கவில்லை என்பது அதில் தெளிவாக இருக்கட்டும்.

தொடர்கல்வியைப் பற்றிச் சுருக்கமாக. லைசன்ஸைப் புதுப்பிக்கப் பல மாநிலங்களில் வருஷத்துக்கு 15 மணி நேரம் படித்திருக்க வேண்டும் (பி.டி.எச். என்பார்கள்), டெக்சாஸில் அதில் ஒன்று நெறிமுறை பற்றியதாக இருக்க வேண்டும், ஃபுளோரிடாவில் இரண்டு வருஷத்துக்கு 18, நியூயார்க்கில் மூன்று வருஷத்துக்கு 36, கலிஃபோர்னியா இப்படி மணிக்கணக்கு எதுவும் கேட்பதில்லை. கடைசி வாரத்தில் மலிவு வகுப்புகளை ஓடவிட்டுக் கணக்கு முடிக்காமல், நீங்கள் போக நினைக்கும் துறையில் அந்த 15 மணியைச் செலவழித்தால் மூன்று வருஷத்தில் அது ஒரு சிறப்புத் தகுதியாகவே ஆகிவிடும். நீங்களே வகுப்பு எடுத்தால் பல மாநிலங்களில் முதல் தடவைக்கு இரட்டிப்பு மணி கொடுப்பார்கள். சான்றிதழ்களை ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள், போர்டு தணிக்கைக்குக் கேட்கும்.

கடைசியாக, உங்களுக்குக் கீழே வேலை பார்க்கும் பிள்ளைகள். அவர்களின் அனுபவத்தை உறுதிசெய்து கையெழுத்துப் போடும் தகுதி இப்போது உங்களுக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவர்களை உட்கார வைத்து, எந்த ப்ராஜெக்டில் எந்த முடிவை நீங்களாக எடுத்தீர்கள், எந்தக் கணக்கைப் போட்டீர்கள் என்று எழுதச் சொல்லுங்கள். "டிசைனில் உதவினேன்" என்று எழுதிய விண்ணப்பத்தை போர்டு திருப்பி அனுப்பும், "12 அடி ரீடெய்னிங் வாலுக்கு மண் அழுத்தம் கணக்கிட்டு, அடித்தளத்தின் அகலத்தை முடிவு செய்தேன்" என்று எழுதியதை ஏற்கும். உறுதிசெய்யச் சொல்லி இமெயில் வந்தால் அந்த வாரமே முடித்துக் கொடுங்கள், நீங்கள் பதில் போடும் வரை அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் நகராது.